சுவரில் இருந்த உண்ணி: ஒரு வீட்டு நாயின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடந்தது இது. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை. ஆனாலும் ஊரில் மாடு கன்றுக்கோ நாய்க்கோ ஏதாவது என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டோடு பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவரிடம் கொண்டு போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது என் வழக்கம். இந்த நாயின் விஷயத்தில் அதை நான் 4 நாள் தாமதமாகச் சொன்னேன். அதனால்தான் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

வீடு பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே தார்சா, முற்றம் தாண்டிப் பின்னால் மாட்டுத் தொழுவம். தொழுவத்துச் சுவர் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. பூச்சு உதிர்ந்து செங்கல் இடுக்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. வீட்டில் 78 வயது ஆச்சி, மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன். நாய் சிப்பிப்பாறைக் கலப்பு, ஆண், 3 வயது, 17 கிலோ. தொழுவத்தின் மூலையில் சாக்கு விரித்துப் படுக்கும். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பையனோடு சேர்ந்து தினமும் குளியல்தான். தண்ணீர் நின்று வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில்தான் ஒவ்வொரு வருடமும் உண்ணித் தொல்லை.

இந்த வீட்டில் நாய்க்கு மருந்தே கூடாது என்று ஒரு பிடிவாதம் இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருடம் பக்கத்துத் தெருவில் ஒருவர், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து தன் நாய் உடம்பெல்லாம் தேய்த்துவிட்டார். அன்று சாயங்காலமே அது எச்சில் ஒழுக்கி, உடம்பு வெட்டிவெட்டி இழுத்துச் செத்துப்போனது. "மருந்துன்னு பேரெடுக்காத தம்பி. அந்தச் சாவை நான் கண்ணால பாத்தேம்லா" என்றார் ஆச்சி. பயிருக்கு அடிக்கும் மருந்து வேறு, நாய்க்கென்று அளந்து கொடுக்கும் மருந்து வேறு என்று அன்றைக்கு நான் விளக்கியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

நான் போவதற்கு முன் செய்தவை

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பாட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் போடும் வாசனைச் சோப்பு, அப்புறம் எலுமிச்சம்பழம் தேய்த்து ஒரு கழுவல். உண்ணி அப்பியிருந்த இடத்தில் மண்ணெண்ணெய் தொட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கும் அடங்காமல் போகவே, தலைப்பேனுக்கு அரைப்பதுபோல் சீத்தாப்பழ விதையை அரைத்து முதுகிலும் காதைச் சுற்றியும் பூசினார்கள்.

எல்லாமே கைக்கு எட்டிய பொருள்கள்தான், ஆனால் எல்லாமே நாய்க்குச் சேராதவை. நாயின் தோல் நம் தோலைப்போலப் புளிப்புத்தன்மை கொண்டதல்ல, மெல்லியதும் கூட. அடிக்கடி சோப்பு போட்டால் எண்ணெய்ப்பசை போய் வறண்டுவிடும், எலுமிச்சை அந்த வறண்ட தோலை எரிக்கும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நக்கினால் நுரையீரல் வரைக்கும் கேடு. எல்லாவற்றிலும் மோசம் சீத்தா விதை. அது பேனைக் கொல்லும் என்பது உண்மை. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதும் உண்மை. மனிதர்களுக்கே அப்படி ஆகிறது. நாய் பாதத்தால் காதைச் சொறிந்து, அதே பாதத்தால் கண்ணைத் தேய்த்திருக்கிறது. இடது கண் சிவந்து மூடிக்கொண்டது. அன்றுதான் எனக்கு ஆள் வந்தது.

முதல் நாள் பார்த்தது

கண்ணை ஆறவைத்த வெந்நீரால் நிறையக் கழுவி, மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினேன். "கண்ணுக்கு மட்டும்" என்று ஆச்சி ஒத்துக்கொண்டார். 5 நாளில் கண் சரியாகிவிட்டது.

உண்ணியை எண்ணினோம். நான் பிடுங்க, பையன் நோட்டில் கோடு போட்டான். 63. பாதி காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும்தான் இருந்தது. மீதி கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், வால் அடியில். இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் தொங்கும். ஆண் சின்னது, தட்டை, பழுப்பு. கண்ணுக்கே சட்டென்று தெரியாத குட்டிகளும் நிறைய இருந்தன.

தெள்ளும் இருந்தது. அதை உடம்பில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பேன்சீப்பால் வால் அடியிலும் முதுகிலும் வாரி, வரும் கறுப்புத் துகளை ஈர வெள்ளைத் துணியில் கொட்டினால் போதும். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது நாயின் இரத்தம். எங்கள் துணியில் கசிந்தது.

பிடுங்கிய உண்ணிகளைப் பையன் ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்திருந்தான். மறுநாள் காலையில் போனபோதும் அவை காலை அசைத்துக்கொண்டிருந்தன. ஆச்சியைக் கூப்பிட்டு அந்தப் பாட்டிலைக் காட்டினேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தே சாகாத பூச்சி, நாம் 10 நிமிடம் ஊற்றுகிற தண்ணீரிலா சாகும்? நான் அரை மணி நேரம் பேசினாலும் அந்தப் பாட்டில் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது. அதற்கப்புறம் சோப்பை நிறையக் கரைத்து அதில் போட்டோம்.

பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். சாக்கை ஒட்டிய சுவரில், என் முழங்கால் உயரத்திலிருந்து ஓட்டுச் சட்டம் வரைக்கும், செங்கல் இடுக்குகளில் உண்ணி. "தாத்தா, இது மேல ஏறிப் போகுது" என்றான் பையன். அதுதான் இந்த உண்ணியின் குணம். பழுப்பு நாய் உண்ணி என்று பெயர். குட்டியாக ஒருமுறை, நடுப்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று தடவை நாய்மேல் ஏறி இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி ஏதாவது இடுக்கில் ஒளிந்து சட்டை உரிக்கும். கடைசியில் பெண் உண்ணி இடுக்கிலேயே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். ஈர்க்குச்சியால் ஓர் இடுக்கைக் கிண்டினேன். கசகசாவைவிடச் சிறிய பழுப்பு மணிகள் கொத்தாக உதிர்ந்தன. நாய்மேல் 63. சுவரில் இருப்பதற்கு யார் கணக்குச் சொல்ல?

மாட்டிலிருந்துதான் நாய்க்கு ஒட்டியது, மாட்டை விற்றுவிடலாம் என்ற பேச்சும் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்தேன், அதன் மேல் இருந்தது வேறு வகை உண்ணி. மாடு தப்பியது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

குளியலை வாரத்துக்கு ஒன்று என்று குறைத்தேன். குளியலுக்கு முன் நிழலில் உட்காரவைத்து உண்ணி பிடுங்கல். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக்கூடாது, தீக்குச்சியால் சுடக்கூடாது.

நுரைக்குப் பூந்திக்கொட்டை. 10 கொட்டையை ராத்திரியே ஊறவைத்து, விதையை எடுத்துவிட்டுப் பிசைந்து வடிகட்டினால் ஒரு நாய்க்குத் தாராளம். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போட வேண்டும். உடம்பில் தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் ஓடும். அந்த வளையம் அதை மறிக்கும். உடம்பு முழுக்க நுரை போட்டு 8, 10 நிமிடம் அப்படியே விட்டால் தெள்ளு மூச்சு முட்டி உதிர்ந்துவிடும். பையன் கையில் கடிகாரத்தைக் கொடுத்து நாயோடு பேச்சுக் கொடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் உதறிவிட்டு ஓடிவிடும். தலைக்கு நுரை கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பூந்திக்கொட்டையும் கண்ணை எரிக்கும், அந்தக் கண் ஏற்கெனவே பட்டது போதும்.

நன்றாக அலசியபின் கடைசியாக வேப்பிலைத் தண்ணீர். 2 கைப்பிடி இலையை 3 லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு வடிகட்டி ஊற்றுவது. அதை அலச வேண்டாம். பழைய வேட்டியால் ஒற்றி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

வேப்பெண்ணெயை அப்படியே தடவ வேண்டாம் என்றேன். 1 பங்கு வேப்பெண்ணெய்க்கு 20 பங்கு தேங்காயெண்ணெய். முதலில் ஓரிடத்தில் மட்டும் தொட்டுவைத்து ஒரு நாள் பார்த்தோம், தடிப்பில்லை. அப்புறம் பிடரியிலும் முதுகுத்தண்டிலும், அதாவது நாக்கு எட்டாத இடத்தில், வாரம் 2 முறை மெல்லியதாக. பூனை இருக்கும் வீட்டில் இதையும் சொல்லமாட்டேன். பூனை தன் உடம்பை நக்காமல் இருக்காது, அதற்கு வேப்பெண்ணெய் ஆகாது. சிலர் கற்பூரம் கலப்பார்கள். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும். வேண்டவே வேண்டாம்.

சுவருக்கு, மாட்டு உண்ணிக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகைக் கலவையை எடுத்துக்கொண்டேன். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொரு கைப்பிடி. அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டித் தெளிப்பது. இதை நாய்மேல் தெளிக்க மருமகள் ஆசைப்பட்டார். மாட்டுக்கு நல்லதென்றால் நாய்க்கு ஏன் ஆகாது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாடு தன் உடம்பு முழுவதையும் நக்காது, நாய் நக்கும். பூண்டு வயிற்றுக்குள் போனால் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், உண்ணிச்செடி இலையும் நஞ்சு. 63 உண்ணி குடித்து ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய் அது. அதனால் கலவை சுவருக்கு மட்டும். அதுவும் நாயை முன் திண்ணைக்கு மாற்றிவிட்டுத்தான்.

சாக்கை எரித்தோம். பதிலாகப் பழைய பருத்திச் சேலை இரண்டு. ஒன்று விரிப்பில், ஒன்று வெந்நீரில், வாரா வாரம் மாற்றி. தொழுவத்தை தினமும் கூட்டச் சொன்னேன். தெள்ளில் 20-ல் ஒரு பங்குதான் நாய்மேல் வளர்ந்த பூச்சியாக இருக்கும். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில்தான் கிடக்கும்.

சுவரை உடனே பூசிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கொத்தனார் சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போனவர், வந்ததும் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார். 16ஆம் நாள்தான் கை வைத்தோம். இடுக்குகளைச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கலவை தெளித்து, காய்ந்ததும் சுண்ணாம்பும் மணலும் குழைத்து ஒன்று விடாமல் அடைத்து, மேலே 2 தடவை வெள்ளை அடித்தோம். 5 நாள் வேலை. சுரண்டிய மண்ணை ஆச்சியின் கோழிகள் முற்றத்தில் கிளறித் தின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் கவனிக்கத் தவறியது

8ஆம் நாள் குளியலுக்கு முன் எண்ணியதில் 48. 15ஆம் நாள் 51. அதாவது தெள்ளு போய்விட்டது, உண்ணி போகவில்லை. சுவர் இன்னும் பூசப்படவில்லை, அதனால் எனக்கு இது வியப்பாக இல்லை.

அந்த 15ஆம் நாள் குளியலில், நாயின் அடிவயிற்றில் கடுகுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வேப்பிலைத் தண்ணீர் காரமாகிவிட்டது என்று நினைத்து இலையைப் பாதியாகக் குறைத்தேன். 19ஆம் நாள் நாய் கஞ்சியை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வெயில் என்றேன். அன்றைக்கே பையன் காதிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கினான், அந்த இடத்தில் இரத்தம் நிற்க வெகு நேரமானது. "தாத்தா, நிக்கவே மாட்டேங்குது" என்று துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். நான் மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னேன்.

புள்ளி, பசியின்மை, நிற்காத இரத்தம். மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாட்டுக்கு உண்ணிக்காய்ச்சலை எத்தனையோ பார்த்தவன் நான். குளியலும் சுவரும் நல்லபடி நடக்கிறது என்ற திருப்தியில் நாயின் உடம்பைத் தனியாகப் பார்க்கவில்லை. என் பையில் இருந்த காய்ச்சல்மானியைக்கூட நான் எடுக்கவில்லை.

22ஆம் நாள் எண்ணியதில் 44. 23ஆம் நாள் காலையில் திண்ணையில் இரத்தம். மூக்கிலிருந்து சொட்டியது.

மருத்துவமனையில்

அன்றே ஆட்டோ வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். காய்ச்சல் 104.5 டிகிரி, நாய்க்கு 102.5-க்கு மேல் போகக்கூடாது. ஈறு வெளுத்திருந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 38,000. 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், பாலில் கலக்க வேண்டாம், சோற்றோடு கொடுங்கள் என்றார் மருத்துவர். அதோடு, ஒரு மாதத்துக்கு உண்ணி கடித்தாலே சாகும்படி ஒரு மாத்திரையும் கொடுக்கலாம் என்றார்.

ஆச்சி வாசலிலேயே நின்றார். மருத்துவர் எழுந்து வந்து, நாயை எடை போட்ட காகிதத்தைக் காட்டி, 17 கிலோவுக்கு இவ்வளவு என்று அளந்ததுதான் இந்த மாத்திரை, வயலுக்கு அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிதானமாகச் சொன்னார். ஆச்சி என்னைப் பார்த்தார். "குடுங்க ஆச்சி. இனிமே ஒரு கடிகூட இது தாங்காது" என்றேன். ஒத்துக்கொண்டார்.

காய்ச்சல் விடும்வரை குளியல், எண்ணெய் இரண்டையும் நிறுத்தினோம். ஈரத்துணியால் துடைப்பு மட்டும்.

அடுத்து நடந்தது

மாத்திரை தொடங்கிய 3ஆம் நாளே கஞ்சி குடித்தது. ஒரு வாரத்தில் தட்டணு 1,65,000. மாத்திரை முடிந்தபின் பார்த்தபோது 2,40,000.

பையனின் நோட்டில் 29ஆம் நாள் 6, 36ஆம் நாள் 1, 43-லும் 50-லும் ஒன்றுமில்லை. வேப்பிலை வென்றுவிட்டது என்று தெருவில் பேச்சு வந்தது. நான் மறுத்தேன். அந்த மூன்று வாரத்தில் சுவரும் பூசியிருந்தது, மாத்திரையும் உள்ளே இருந்தது. எண்ணிக்கை இறங்கியதை வேப்பிலைக் கணக்கில் எழுதுவது சரியில்லை.

57ஆம் நாள் 3. 64ஆம் நாள் 14, எல்லாம் குட்டிகள். மாத்திரையின் ஒரு மாதம் முடிந்திருந்தது. தொழுவத்துச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன், ஒரு விரிசல் இல்லை. கடைசியில் பையன்தான் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் முழுக்க நாயின் பின்னாலேயே திரிந்து கண்டுபிடித்தான். மத்தியான வெயிலுக்கு அது மச்சுப்படிக்குக் கீழே, பழைய பலகைகள் அடுக்கியிருந்த இடத்தில் போய்ப் படுத்திருக்கிறது. பலகையைப் புரட்டினால் அடியில் அதே பழுப்பு மணிகள். முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். மாத்திரை இருந்த வரைக்கும் நாய்மேல் ஏறியதெல்லாம் செத்ததால் நமக்குத் தெரியவில்லை.

பலகையெல்லாம் வெயிலுக்கு வந்தது. படிக்கடியிலும் வெந்நீர், கலவை, பூச்சு. இந்தத் தடவை மாத்திரை கொடுக்கவில்லை, நாய் திடமாக இருந்தது. வாராந்தரப் பிடுங்கலும் குளியலும்தான். 71ஆம் நாள் 9, 78ஆம் நாள் 4, 92ஆம் நாள் ஒன்றுமில்லை. இந்த இரண்டாம் சுற்றைத்தான் மருந்தில்லாத வழியின் பலன் என்று நான் மனதார ஒப்புக்கொள்வேன். அதற்குள் கார் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.

இனி மாற்றிச் செய்வது

உண்ணி 20, 30 என்று இருக்கும் நாயை, அது நன்றாகத் தின்றாலும், முதல் வாரத்திலேயே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். நம் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, தூரம் ஒரு சாக்கில்லை. இரத்தத்தில் கிருமி ஏறியபின் இலையால் ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு குளியலுக்கும் முன் மூன்றைப் பார்க்கச் சொல்வேன்: ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் புள்ளி இருக்கிறதா, காய்ச்சல் எவ்வளவு. மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

சுவர் வேலையைக் கொத்தனாருக்காகக் காத்து வைக்கமாட்டேன். சுரண்டலும் வெந்நீரும் முதல் நாளே நாமே செய்யக்கூடியவை. அதற்கும் முன்னால், விடிந்தது முதல் அடையும் வரை நாய் எங்கெல்லாம் படுக்கிறது என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். பையன் 64ஆம் நாளுக்குப் பிறகு செய்ததை முதல் நாளே செய்திருக்கலாம்.

பூந்திக்கொட்டைக் குளியலும் வேப்பிலைத் தண்ணீரும் அப்படியே தொடர்கின்றன, இப்போது 2 வாரத்துக்கு ஒருமுறை. தோல் பளபளப்பாகிவிட்டது, சொறிவதில்லை, தெள்ளு திரும்பவில்லை.

இது புரட்டாசி. ராத்திரிச் சோறு வைப்பதற்கு முன் ஆச்சி நாயின் நான்கு பாதத்தையும் விரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். போன வாரம் வலது முன்னங்காலில் ஒன்று கிடைத்ததாம், எள்ளளவு. சோப்புத் தண்ணீரில் போட்டாயிற்று. நோட்டில் தேதியோடு பையன் எழுதி வைத்திருக்கிறான்.